ஒரு வாட்டி சொன்னா போதும்

பஞ்சவர்ணத்தைத் தெரிந்தவர்கள் அவளை வாயாடி என்றுதான் சொல்வார்கள். வெள்ளானூர் பஸ் ஸ்டாப்பில் நின்றால், ஆவடி போகிற ஷேர் ஆட்டோ வருவதற்குள் பக்கத்தில் நிற்பவரின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு வாங்கிவிடுவாள். அப்படிப்பட்டவள், ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று எதிரில் தேம்பித் தேம்பி அழுதபோது ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. அவளுடைய அம்மா வெள்ளானூரில் நிலக்காரர் ஜானகிராமன் வீட்டு வயல்களில் நாற்று நட்டவள். வயல்கள் பிளாட்டாகிக் கல் நட்ட வருஷம் பஞ்சவர்ணம் பத்தாவது தேறினாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற செங்கல்வராயனைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகள், ஊரில் இருக்கும் அரசுப் பள்ளியில் நாலாவது படிக்கிறாள். அதே பள்ளியில்தான் பஞ்சவர்ணத்துக்கும் வேலை. மகளிர் குழு மூலமாகக் காலை உணவுத் திட்டத்துக்குச் சமைக்கிறாள். ஐந்தரை மணிக்குச் சமையல் அறையைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, எட்டரைக்குள் நூற்றுப் பத்துக் குழந்தைகளுக்குச் சுடச்சுடப் பொங்கலோ கிச்சடியோ தட்டில் போட்டாக வேண்டும். பிள்ளைகள் அவளை வர்ணக்கா என்று கூப்பிடுவார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, அவள் ஆவடிப் பக்கம் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது அது மூடியும் விட்டது. அங்கே இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று, கை கழுவிவிடும்போது அவள் காதோடு வந்து, மாடி வீட்டு மாமாவைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொன்னது. பஞ்சவர்ணம் குழாயை மூடினாள். நேரே பிரின்சிபாலிடம் அழைத்துப் போனாள். செய்ய வேண்டியதைத்தான் செய்தாள்.

பிரின்சிபால் குழந்தையை எதிரே நிறுத்தி, "என்னம்மா நடந்தது, சொல்லு" என்றார். குழந்தை சொன்னது. அப்புறம் கரஸ்பாண்டென்ட் வந்தார். அவரும் "சொல்லு" என்றார். அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவர்களிடமும் சொன்னது. போலீஸ் ஸ்டேஷனில் முதலில் ஒருவர் கேட்டார், எழுதுவதற்காக இன்னொருவர் மறுபடி கேட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அம்மா மயங்கி மயங்கி விழுந்ததால் போகிற இடமெல்லாம் பஞ்சவர்ணம்தான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கை இன்னும் கொஞ்சம் சில்லிட்டுப் போவதை அவள் உணர்ந்தாள். கடைசியாக ஏதோ ஓர் அலுவலகத்தில், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நல்லவிதமாகவே, "என்ன நடந்ததுன்னு ஆண்டிகிட்ட சொல்றியா கண்ணா?" என்று கேட்டார். குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் நடக்கல. நான் பொய் சொன்னேன்" என்றது.

அவ்வளவுதான். வழக்கு அங்கேயே நின்றது. ஒரு மாதத்துக்குள் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு எங்கோ போய்விட்டது. பள்ளியின் பெயரைக் கெடுத்தாள் என்று பஞ்சவர்ணத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வேலை போனதில் அவளுக்கு வருத்தமில்லை. குழந்தை பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். எத்தனையாவது தடவையில் அது வாயை மூடிக்கொள்ள முடிவு செய்திருக்கும் என்றுதான் நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

போன வருஷம் ஜூன் மாதம் ஊரில் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். தலைமை ஆசிரியை ஹேமாவதி, ஊர்ப் பெரியவர் என்கிற முறையில் ஜானகிராமன், மகளிர் காவல் நிலையத்திலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் ரேஷ்மா, நர்ஸம்மா, அங்கன்வாடி டீச்சர் என்று பத்துப் பேர். மகளிர் குழு சார்பில் யாராவது ஒருவர் வேண்டும் என்றதும் ஹேமாவதி பஞ்சவர்ணத்தின் பெயரை எழுதிவிட்டார். இந்த மாதிரிக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். டீ வரும், பிஸ்கட் வரும், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்த தினகரன், முப்பது வயதிருக்கும், "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று வழக்கப்படி சொன்னார். பஞ்சவர்ணம் எழுந்தாள்.

"ஒரு புள்ளைக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு வெச்சுக்கோ சார். அது எத்தினி பேருகிட்ட சொல்லணும்?"

ஜானகிராமன் சிரித்தார். "யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லணும். இதுக்கு இன்னா கணக்கு?"

"இல்ல நைனா. நான் ஒரு புள்ளையோட போயிருக்கேன். ஏழு எடத்துல கேட்டாங்க. ஏழாவது எடத்துல அது ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லிடுச்சு. அதான் கேக்குறேன். எத்தினி வாட்டி?"

தினகரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கூடியமட்டும் ஒரே தடவைதான் கேட்க வேண்டும் என்றுதான் விதிகள் சொல்கின்றன என்றார். ஆனால் நடப்பது வேறு என்று அவரே ஒப்புக்கொண்டார். பள்ளிக்கூடம் ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம், அவரவர் படிவம் அவரவருக்கு.

"அப்போ எல்லாரும் ஒரே எடத்துக்கு வாங்களேன்" என்றாள் பஞ்சவர்ணம். "புள்ள எதுக்கு ஊரு சுத்தணும்? நீங்கதானே வண்டி வெச்சிக்கினு கீறீங்க?"

ரேஷ்மாதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அவங்க சொல்றதுல என்ன தப்பு?" என்று தினகரனைப் பார்த்தார். அன்றைக்குக் கூட்டம் முடிய மத்தியானம் ஆயிற்று. பள்ளியிலோ ஊரிலோ யாருக்குத் தெரிந்தாலும் குழந்தையைத் துருவக் கூடாது, ஹேமாவதியிடம் சொல்ல வேண்டும், அவர் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் தினகரனுக்கும் ரேஷ்மாவுக்கும் போன் செய்வார், தினகரன் அலுவலகத்திலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து குழந்தையிடம் பேசுவார், மற்றவர்கள் அவரிடமிருந்து தெரிந்துகொள்வார்கள் என்று முடிவானது. ஹேமாவதி அதை அழகான கையெழுத்தில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பஞ்சவர்ணத்துக்கு அதில் பெரிய நம்பிக்கை வரவில்லை. எழுதி வைப்பதெல்லாம் நடக்குமா என்று புருஷனிடம் புலம்பினாள்.

ஜூலை மாதத்தில்தான் அவள் அந்தப் பெண்ணைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவளைப் பவித்ரா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது சட்டம்; அவள் வீட்டார் பெயர்களும் மாற்றியவைதான். நாலாம் வகுப்பு. அம்மா யுவராணி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போன் பாகங்கள் பொருத்துகிற வேலைக்குப் போகிறாள். காலை ஷிப்ட் என்றால் நாலரைக்கே கம்பெனி பஸ் வந்துவிடும். பவித்ராவின் அப்பா சாலை விபத்தில் இறந்த பிறகு, மூன்று வருஷத்துக்கு முன்னால் டில்லிபாபு என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். அவன் லோடு வண்டி ஓட்டுகிறவன். பவித்ராவுக்கு நாலு வயதில் அபிஷேக் என்று ஒரு தம்பி.

யுவராணி காலை ஷிப்ட் போகிற வாரமெல்லாம் பவித்ரா ஆறு மணிக்கே தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக் கேட்டில் வந்து நிற்பாள். "இன்னாடி இவ்ளோ சீக்கிரம்?" என்று பஞ்சவர்ணம் கேட்டால், "தூக்கம் வரல வர்ணக்கா" என்பாள். சுட்டெரிக்கிற வெயிலிலும் பாவாடைக்கு உள்ளே கணுக்கால் வரை கறுப்பு லெக்கிங்ஸ் போட்டிருப்பாள். மற்ற பிள்ளைகள் வெள்ளிக்கிழமை என்றால் துள்ளும். இவள் மட்டும் சமையல் அறை வாசலில் வந்து நின்று, "நாளைக்கு ஸ்கூல் கீதா வர்ணக்கா?" என்பாள். இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். ஒருநாள் தட்டுக் கழுவக் குனிந்தபோது லெக்கிங்ஸ் மேலே ஏறியதில், கெண்டைக்காலில் ஒயரால் அடி விழுந்த மாதிரி இரண்டு தடிப்புகளைப் பஞ்சவர்ணம் பார்த்தாள். பார்த்ததைப் பவித்ராவும் பார்த்துவிட்டாள். சட்டென்று இழுத்து மூடிக்கொண்டாள்.

பஞ்சவர்ணம் அன்றே ஹேமாவதியிடம் சொன்னாள். ஹேமாவதி தினகரனுக்குப் போன் போட்டார். அடுத்த நாளே ஆலோசகரான ஒரு பெண் வந்தாள். சிம்ரன் என்று பெயர், பூந்தமல்லிக்காரி, இருபத்தைந்து வயதுதான். நேராகப் பவித்ராவைக் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் வைத்துப் படம் வரையச் சொன்னாள், விளையாட்டுக் காட்டினாள். வாரம் ஒருநாள் வந்துபோனாள். மாதம் இரண்டு ஓடிவிட்டது. பஞ்சவர்ணத்துக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாம்மா, படம் வரைஞ்சிக்கினே இருந்தா எப்டி? அங்க அது அடி வாங்கிக்கினு கீது" என்று சிம்ரனிடம் சண்டைக்கே போனாள். "அவளா வாயத் தொறக்கணும்க்கா. நம்ம தொறக்கவெச்சா திரும்ப மூடிக்குவா. எனக்கும் ராத்திரியெல்லாம் தூக்கம் வரல" என்றாள் சிம்ரன்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த அன்று அது நடந்தது. ஒன்பது நாள் லீவு. மத்தியானம் மணி அடித்ததும் பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பஞ்சவர்ணம் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள். பவித்ரா சமையல் அறைக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா கண்ணு இங்க குந்திக்கினு கீற? தம்பி அங்கன்வாடில தேடப் போறான்."

"நான் ஊட்டுக்குப் போவ மாட்டேன்."

இதைச் சொன்னதும் அவளுக்கு அழுகை வெடித்தது. அழுகையோடு அழுகையாக, "அம்மா நைட்டு ஷிப்ட்டு. அவரு பாத்ரூம்ல வெச்சுப் பூட்டுவாரு. தம்பி அழுதா என்ன அடிப்பாரு" என்றாள். அப்புறம் தேம்பல் மட்டும்தான்.

பஞ்சவர்ணத்தின் நாக்கு நுனியில் இருபது கேள்விகள். எப்போதிலிருந்து? எதால் அடித்தான்? அம்மாவுக்குத் தெரியுமா? வேறு ஏதாவது செய்தானா? அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சில்லிட்ட கை தன் கையில் இருப்பது போலவே இருந்தது. அரிசி மூட்டைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"நீ சொன்னத நான் நம்புறேன் கண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. மிச்சத்த நீ என்கிட்ட சொல்ல வாணாம். சிம்ரன் அக்கா வரும். அதுகிட்ட ஒரு வாட்டி சொன்னா போதும். வேற யாரும் உன்ன கேக்க மாட்டாங்க. நான் வெளியவே குந்திக்கினு இருப்பேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அது நடக்குமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஹேமாவதிக்குப் போன் செய்தாள். பீரோவில் கிடந்த காகிதம் உயிர் பெற்றது என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பது நிமிஷத்தில் சிம்ரன் தினகரனின் வண்டியில் வந்து இறங்கினாள். ரேஷ்மா சுடிதாரில் வந்தார். நர்ஸம்மா தன் ஸ்கூட்டரிலேயே ஓர் அரசு டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றாம் வகுப்பு அறையில் பாய் விரித்தார்கள். பவித்ராவும் சிம்ரனும் பாயில். ரேஷ்மாவும் டாக்டரம்மாவும் பின்னால் சின்ன பெஞ்சுகளில், ஒரு வார்த்தை பேசாமல். சொல்வதையெல்லாம் பதிவு செய்ய ஒரு கருவி. கதவைச் சாத்தினார்கள்.

பஞ்சவர்ணம் வெளியே படியில் உட்கார்ந்தாள். அங்கன்வாடியிலிருந்து கூட்டிவந்த அபிஷேக் அவள் மடியில் பிஸ்கட் தின்றபடி தூங்கிப்போனான். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "ஒண்ணும் நடக்கலன்னு மட்டும் சொல்லிடாத கண்ணு" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

கதவு திறந்தது. முதலில் பவித்ராதான் வந்தாள். கண் வீங்கியிருந்தது. பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா" என்றாள். பிறகு பயந்துபோய், "இன்னும் யாராருகிட்ட சொல்லணும்?" என்று கேட்டாள்.

"யாருகிட்டயும் இல்ல."

"நெஜமா?"

"நெஜமா."

"பசிக்குது" என்றாள் பவித்ரா. பஞ்சவர்ணம் அடுப்பைப் பற்றவைத்து, மிச்சமிருந்த ரவையில் உப்புமா கிண்டினாள். கிண்டுகிறபோது கண்ணீர் வழிந்தது. சிம்ரன் வாசலில் நின்று அவளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண்ணும் சிவந்திருந்தது. பஞ்சவர்ணம் இரண்டாவது தட்டில் சிம்ரனுக்கும் உப்புமா வைத்தாள்.

யுவராணியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னபோது அவள் முதலில் நம்ப மறுத்தாள். பிறகு தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். அங்கேயும் தழும்பு. "என்ன அடிக்கிறது தெரியும். புள்ளைய இந்த மாதிரி... நான் வேலைக்குப் போற நேரத்துலயா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய அடுத்த கேள்விதான் எல்லாரையும் திகைக்க வைத்தது. "இப்போ நான் எங்க போவேன்? ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எந்த ஊட்ல குடி போறது? ஸ்கூல மாத்தணுமா?"

பிள்ளைகளைக் கொஞ்ச நாள் விடுதியில் வைக்கலாமா என்று தினகரன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். பஞ்சவர்ணம் குறுக்கே விழுந்தாள்.

"தப்பு பண்ணவன் அவன். போறதுன்னா அவன் போவட்டும். புள்ள எதுக்கு ஊட்ட வுட்டுப் போவணும்? அதுக்குத் தண்டனையா?"

அந்த வீடு ஜானகிராமனுடையது. அவருடைய பழைய களத்துமேட்டில் கட்டிவிட்ட ஆறு வீட்டு லைனில் மூன்றாவது. அவரும் குழுவில் இருந்ததால் கூப்பிட்டிருந்தார்கள். இதெல்லாம் குடும்ப விவகாரம், இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினால் சரியாகிவிடும் என்கிற நினைப்போடுதான் அவர் வந்தார். ரேஷ்மா அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னார். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"என் ஊட்டு பாத்ரூம்லயா?" என்றார் மெதுவாக. "நாலு ஊடு தள்ளி நான் இருக்கேன். எனக்குக் கேக்கலியே."

பிறகு யுவராணியைப் பார்த்து, "ஒப்பந்தம் உன் பேருலதாம்மா போட்டிருக்கு. உன் கம்பெனி சம்பளச் சீட்டப் பாத்துதான் ஊடு குடுத்தேன். நீ எங்கயும் போவத் தேவையில்ல. இன்னிக்கே பூட்ட மாத்திடுறேன்" என்றார்.

சாயங்காலம் டில்லிபாபு லோடு இறக்கிவிட்டு வந்தபோது, லைன் வீட்டு வாசலில் புதுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜானகிராமன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவன் கத்தினான், பஞ்சவர்ணத்தின் பெயரைச் சொல்லித் திட்டினான். ஜானகிராமன் எழுந்திருக்கவில்லை. "சத்தம் போடாத. போலீசம்மா உள்ள காப்பி குடிச்சிக்கினு இருக்காங்க" என்றார். ரேஷ்மா இப்போது சீருடையில் இருந்தார். இரண்டு பெண் போலீசார் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் அப்போது அங்கே இல்லை. பஞ்சவர்ணத்தின் வீட்டில் அவள் மகளோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஹேமாவதி முன்கூட்டியே யோசித்துச் செய்த ஏற்பாடு.

மறுநாள், குழந்தை யாரிடம் இருப்பது என்று முடிவு செய்கிற மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் முன்னால் பவித்ரா ஆஜராக வேண்டியிருந்தது. அங்கேயும் கேட்பார்களோ என்று பஞ்சவர்ணம் கூடவே போனாள். தினகரன் முன்னாலேயே அறிக்கையை அனுப்பியிருந்தார். குழுவின் தலைவர் பவித்ராவிடம் எந்த ஊர், எந்த டீச்சர் பிடிக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு, யாருடன் இருக்க விருப்பம் என்றார். "அம்மாகூட. என் ஊட்லயே" என்றாள். அப்படியே உத்தரவானது. மாதம் இரண்டு தடவை சிம்ரன் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

எல்லாம் சுபம் என்று பஞ்சவர்ணம் மூச்சு விட்ட நேரத்தில், அக்டோபர் கடைசியில் தினகரன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மாஜிஸ்திரேட் முன்னால் பவித்ரா ஒருமுறை வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். அது இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்று ரேஷ்மா சொல்கிறாராம்.

பஞ்சவர்ணத்துக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "நான் அந்தப் புள்ளைக்கு வாக்கு குடுத்துட்டேன் சார். ஒரு வாட்டின்னு சொன்னேன். இப்போ எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய் நிக்கிறது?"

தினகரன் சாக்குச் சொல்லவில்லை. "தப்பு என்னோடதுதான்க்கா. இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நான் போய்ச் சொல்றேன்" என்றார்.

"நீ வாணாம். வாக்கு குடுத்தது நான்."

அன்று மாலை பவித்ராவின் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "கண்ணு, நான் ஒரு வாட்டி போதும்னு சொன்னேன் இல்ல? அது தப்பாயிடுச்சு. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். இன்னொரு வாட்டி, ஒரு ஜட்ஜம்மாகிட்ட சொல்லணுமாம். நீ வாணாம்னா வாணாம். யாரும் உன்ன இஸ்துக்கினு போவ மாட்டாங்க."

பவித்ரா ஹோம்வொர்க் எழுதுவதை நிறுத்தினாள். யோசித்தாள். அடுப்படியிலிருந்த யுவராணி அடுப்பைத் தணித்தாள்.

"அந்த ஜட்ஜம்மா நம்புவாங்களா?" என்றாள் பவித்ரா.

"நம்புவாங்க."

"அதுவும் உனக்குத் தெரியாம சொல்றியா?"

பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இத தெரிஞ்சுதான் சொல்றேன். அந்த ரெக்கார்டு, டாக்டரம்மா எழுதினது, எல்லாம் அவங்ககிட்ட கீது."

"சரி. நீ வெளிய குந்திக்கினு இரு. சிம்ரன் அக்காவும் வரணும்."

நீதிமன்றத்தில் கால் மணி நேரம்தான் ஆனது. சிம்ரன் கூட இருந்தாள். பவித்ரா வெளியே வந்ததும் முதலில் கேட்டது, அங்கே வாசலில் விற்ற ஐஸ் வேண்டும் என்று. நவம்பர் குளிரில் யாராவது ஐஸ் தின்பார்களா என்று யுவராணி அதட்டினாள். பிறகு எல்லாருக்குமே வாங்கினாள்.

ஊர் வாய் சும்மா இருக்காது. தண்ணீர்க் குழாயடியில் பஞ்சவர்ணத்தை மடக்கி, "அந்த ஊட்ல இன்னாதான் ஆச்சு?" என்று கேட்டவர்கள் பலர். வாயாடியான அவள், "எந்த ஊட்ல? எங்க ஊட்லயா? நேத்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தி, அதான் சண்ட" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். கேட்டவர்களுக்குச் சலித்துப்போய்விட்டது. பள்ளியில் எந்தப் பிள்ளைக்கும் விஷயம் போகாமல் ஹேமாவதி பார்த்துக்கொண்டார். யுவராணியின் கம்பெனிக்குத் தினகரன் ஒரு கடிதம் கொடுத்ததில் அவளுக்கு இரவு ஷிப்ட் போடுவதை நிறுத்தினார்கள். காலை ஷிப்ட் வாரங்களில் பிள்ளைகள் பஞ்சவர்ணத்தின் வீட்டில். வழக்கு நடக்கிறது. டில்லிபாபு ஜாமீனில் இருக்கிறான். வெள்ளானூருக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. திருத்தணிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருக்கிறானாம். ஒருமுறை வேறு நம்பரிலிருந்து யுவராணிக்குப் போன் செய்தான். அவள் பதில் பேசாமல் ரேஷ்மாவிடம் நம்பரைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

பவித்ரா ஒரேயடியாக மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட இன்னும் பயப்படுகிறாள். யாராவது குரலை உயர்த்தினால் தம்பியை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொள்கிறாள். சிம்ரன் இன்னும் வந்து போகிறாள். ஆனால் லெக்கிங்ஸ் போய்விட்டது. டிசம்பரில் ஒருநாள் ஒன்பது மணிக்கு, தலைகூட வாராமல் ஓடிவந்து, "தூங்கிட்டேன் வர்ணக்கா! பொங்கல் கீதா?" என்றாள். அண்டாவின் அடியைச் சுரண்டிப் போட்டாள் பஞ்சவர்ணம்.

பொங்கல் லீவில் நசரத்பேட்டை ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிலிருந்து பஞ்சவர்ணத்தைப் பேசக் கூப்பிட்டார்கள். தினகரன்தான் அவள் பெயரைச் சொல்லியிருந்தார். ஆவடியில் பஸ் ஏறிப் போனாள். மைக்கைக் கண்டதும் ஓர் அடி தள்ளி நின்றாள். "எனக்குப் பேச வராது" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினாள். "நான் ஒண்ணும் பெருசா பண்ணல. ரெண்டு மணி நேரம் வாய மூடிக்கினு இருந்தேன். ஆனா அதுக்கப்புறம் ஓடி வர்றதுக்கு ஆளுங்க இருந்தாங்க. அவங்க இல்லாம நான் வாய மூடி இன்னா புண்ணியம்?" என்று சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரமாக உட்கார்ந்து தூங்கிவிட்டாள். ஆவடியில் கண்டக்டர் வந்து எழுப்ப வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் யுவராணியிடம் ஒரு டிபன் பாக்ஸைக் கொடுப்பதற்காக லைன் வீட்டுப் பக்கம் போனாள். நாலாவது வீட்டைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. பவித்ரா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"நேத்தும் நீதான் பாத்த! இன்னிக்கு என் டர்னு! ரிமோட்ட குடு!"

"தர மாட்டேன் போடி!"

"அம்மா, இவன பாரேன்! நீ எப்பவும் இவனுக்கே சப்போர்ட்டு பண்ற! போ, நான் சாப்பிட மாட்டேன்!"

"சாப்பிடாத போ! ரெண்டு பேருக்கும் டிவி கட்டு!" யுவராணியின் குரல் அதைவிட மேலே.

பஞ்சவர்ணம் டிபன் பாக்ஸோடு தெருவிலேயே நின்றாள். தன் வீட்டிலிருந்து ஜானகிராமன் வெளியே வந்து, "இன்னா வானம் இடிஞ்ச மாதிரி சத்தம்? அதட்டி வைக்கட்டுமா?" என்றார்.

"வுடுங்க நைனா. சண்ட போடட்டும்" என்றாள் பஞ்சவர்ணம். சுவரோரமாகச் சாய்ந்து நின்று, உள்ளே ரிமோட் யார் கைக்குப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.